ஐட்லிங்கில் நின்ற டபுள் கெப்: புதுப்பிப்பு

வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றும்வரை என் டீசல் டபுள் கெப் பிக்கப்பை ஏசியோடு ஸ்டார்ட்டிலேயே, அதாவது ஐட்லிங்கில், வைத்திருப்பது எஞ்சினைத் தேய்க்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். தேய்க்கும் என்பதுதான் பதில்.

மட்டக்களப்பு டவுனில் கராஜ்காரர் ஓயில் குச்சியை இழுத்துக் காட்டினார். மட்டம் கூடியிருந்தது, டீசல் மணம் வேறு. லோட் இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஓயிலில் கலந்துவிடுகிறது. ஓயில் இளகினால் பெயாரிங்குகளுக்கு இருக்கும் காப்பும் குறையும். அப்புறம் இன்ஜெக்டர் நுனியிலும் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்விலும் கரி படிகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்: வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் இந்த ஓட்டம் எதுவுமே கிலோமீட்டர் மீட்டரில் பதிவாகாது. அமெரிக்காவில் ஃபோர்டு தன் பொலிஸ் கார்களுக்கு ஒரு மணி நேர ஐட்லிங்கை 33 மைல் ஓட்டமாக, அதாவது சுமார் 53 கிலோமீட்டராகக் கணக்கிடச் சொல்கிறது. நம்மூர் கெப்புக்கு அதே எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் மீட்டரை மட்டும் நம்பி ஓயில் மாற்றுகிறவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) ஆறட்டும் என்று நெடுநேரம் ஓடவிடுபவர்களுக்கும் ஒன்று: சாதாரண ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிடமே தாராளம்.

ஓயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று. இப்போது ஏற்றும்போது எஞ்சினை நிறுத்திவிடுகிறேன். இன்ஜெக்டர் சோதனை இன்னும் பாக்கி, முடிந்ததும் எழுதுகிறேன்.