அந்த மூணு நாள் எந்த மூணு நாள்?

பாம்பன்காத்து: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "பிள்ளைக்கு மூச்சுக்குழாய் அழற்சின்னாங்க. மருந்துச் சீட்டைக் கிழிச்சுட்டேன். தூதுவளையும் பனங்கற்கண்டும் மூணே நாள்ல இருமலை நிறுத்திருச்சு." எந்த மூணு நாள் அண்ணே? இது பெரும்பாலும் வைரஸ், மூணு வாரம் இழுத்துட்டுத் தானாப் போகும். பதினெட்டாம் நாள் கொடுத்தா பச்சைத்தண்ணியும் மூணு நாள்ல நிறுத்தும்.

சாயல்குடிபனை: எழுதினது நான்தான். எம் பிள்ளை, எம் வீடு, நானே எண்ணினேன். மூணு நாள்தான். 2025-ல மத்தியப் பிரதேசத்துல பிள்ளைகளைக் கொன்னது காஞ்சிபுரத்து சிரப்பு, எங்க கஷாயமில்ல.

பாம்பன்காத்து: சிரப்பு குடுங்கன்னு நான் சொன்னேனா? எந்த நாள்ல ஆரம்பிச்சீங்க, அதைச் சொல்லுங்க.

கீழக்கரைமருந்துக்கடை: அந்த சிரப்புல இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால், சிறுநீரகத்தைத் தின்னுரும். ரெண்டு வயசுக்குள்ள இருமல் மருந்தே வேணாம்னு மத்திய அரசும் அப்ப சொல்லிருச்சு. இந்த இருமலுக்கு ஆன்டிபயாட்டிக்கும் வெட்டிச் செலவுதான். கேட்டு வாங்கிட்டுப் போறவங்களை என்ன பண்ண?

சாயல்குடிபனை: மருந்துக்கடை அண்ணனே ஒத்துக்கிட்டாரு!

கீழக்கரைமருந்துக்கடை: எதை ஒத்துக்கிட்டேன்? ஒரு வயசாகாத பிள்ளைக்குத் தேன் தடவுறதும் ஆபத்துதான், அதையும் சேர்த்துக்குங்க.

மண்டபம்அம்மா: எம் மகனுக்கு நாலு வயசு, இன்னைக்கு இருபதாம் நாள். ராத்திரி கொசுவத்தி வச்சா கூடுது.

கீழக்கரைமருந்துக்கடை: கொசுவத்தியை நிறுத்துங்கம்மா. ரெண்டு வாரம் தாண்டிருச்சு, டாக்டர்கிட்ட காசநோய்ப் பரிசோதனையும் கேளுங்க. தூங்கும்போது சட்டையைத் தூக்கிப் பாருங்க. விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ, நிமிஷத்துக்கு 40 மூச்சைத் தொட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.

உடன்குடிக்காரன்: பனங்கற்கண்டுன்னு சீனிப்பாகைக் காய்ச்சி வித்தா இருமல் எப்படிப் போகும்? எங்க கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே இருக்கு.

சாயல்குடிபனை: உங்களுக்கு முத்திரை இருக்கு, எங்களுக்குப் பனை இருக்கு. போன மாசம் பதநீர்ப் பேச்சுல பாதியில ஓடினது நீங்கதானே?

உடன்குடிக்காரன்: ஓடல, கரண்ட் போச்சு.

பாம்பன்காத்து: பனையில ஏறித் தப்பிக்காதீங்க அண்ணே. என்னைக்கு ஆரம்பிச்சீங்க? மூணாவது தடவை கேக்குறேன்.

சாயல்குடிபனை: செவ்வாய்க்கிழமை.

பாம்பன்காத்து: எந்தச் செவ்வாய்? இருமல் வந்த வாரமா, மூணு வாரம் கழிச்சா?

மண்டபம்அம்மா: மூச்சை அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கலாமா, முழு நிமிஷமும் எண்ணணுமா?

பாம்பன்காத்து: இருங்க அக்கா, முதல்ல அவர் தேதியைச் சொல்லட்டும்.