பணப் பட்டுவாடாவால் நின்ற தேர்தல்கள்: இனி வாக்களிப்பதில் பொருள் உண்டா?

கேள்வி (முதல்முறை வாக்காளர்):
பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. பின்னர் வேலூரில் அதே முக்கிய வேட்பாளர்களே மீண்டும் நின்றார்கள் என்றால், என் வயதினர் எதை நம்பி வரிசையில் நிற்பது?

பதில் 1:
மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு பணப் பட்டுவாடாவை ஊழல் நடவடிக்கை என்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் தேர்தல் வழக்கு, வென்றவரின் தேர்வை எதிர்த்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட வேண்டியது. நிறுத்தப்பட்ட தேர்தலிலோ வென்றவரே இல்லை. சட்டத்தின் இடைவெளி இங்கேதான் இருக்கிறது.

பதில் 2:
நோட்டாவை நம்ப வேண்டாம். அது முதலிடம் பெற்றாலும், அடுத்து வரும் வேட்பாளரே வென்றவராவார். பணம் வாங்கும் வாக்காளரும் சட்டப்படி குற்றவாளியே என்பதை (இதை எந்தக் கட்சியும் மேடையில் சொல்லாது) முதலில் நம் தெருவில் பேசலாம்.

கேள்வி கேட்டவர்:
என் வீட்டிலேயே வாங்கினார்கள். தெருவில் எப்படிப் பேசுவது?