லாரி வைத்து எடுத்தும் செப்டிக் டேங்க் உடனே நிரம்புகிறது

தாம்பரம் பக்கம் முடிச்சூரில் தனி வீடு, ஐந்து பேர் இருக்கிறோம். 2012இல் கட்டிய செங்கல் டேங்க், இரண்டு அறை, 8 அடிக்கு 4 அடி, ஆழம் 6 அடி. அதிலிருந்து வரும் தண்ணீர் உறை இறக்கிய சோக் பிட்டுக்கு (தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சு குழி) போகிறது. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை.

ஐப்பசி மழையிலிருந்து தொல்லை. கீழ்வீட்டுக் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் விளிம்பு வரை ஏறி, குபுகுபுவென்று சத்தம் போட்டு மெதுவாக வடிகிறது. லாரி வைத்து எடுத்தோம், ஒரே வாரத்தில் பழையபடி. மூடியைத் திறந்தால் வெளியேறும் குழாய்க்கு மேலே தண்ணீர் நிற்கிறது, சோக் பிட்டும் ததும்புகிறது. பக்கத்துக் கிணற்றில் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர்.

குழாயில் ராடு விட்டுப் பார்த்தாயிற்று, அடைப்பு இல்லை. காற்றுக் குழாயும் சரி. பாக்டீரியா பவுடர் போட்டதில் மாற்றமில்லை. குளியல், துணி துவைக்கும் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பியதில் கொஞ்சம் பரவாயில்லை. ஆள் இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள். விஷவாயு உயிரை எடுத்துவிடும், மனிதரே மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

நிலத்தடி நீர் இவ்வளவு மேலே நிற்கும் இடத்தில், சோக் பிட்டுக்குப் பதிலாக என்ன அமைத்தால் மழைக்காலத்திலும் தண்ணீர் வடியும்?