குப்புறப் படுத்தால் முழங்கால் மடக்கும் வலு குறைவது ஏன்?

கேள்வி: என்னிடம் பயிற்சி பெறும் ஒருவர் உட்கார்ந்து முழங்காலை மடக்கும்போது காட்டும் வலுவை, குப்புறப் படுத்து மடக்கும்போது காட்ட முடியாமல், பின்தொடை பிடித்துக்கொள்ள நிறுத்திவிடுகிறார். இது தசைப் பலவீனமா?

பதில் 1: பலவீனம் என்று உடனே குறித்துவிடாதீர்கள். பின்தொடைத் தசைகளில் பெரும்பகுதி இடுப்பு, முழங்கால் என இரு மூட்டுகளையும் கடப்பதால், இடுப்பு நிமிர்ந்திருக்க முழங்கால் மடங்கும்போது அவை இரு முனைகளிலும் குறுகி, தசைக்குள் ஒன்றையொன்று பற்றியிழுத்துச் சுருக்கத்தை உண்டாக்கும் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் மேலும் பற்றியிழுக்க இடமில்லாமல் போகிறது. 1966இல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகியோர் தவளையின் தசையிழையில் அளந்தபோது, சார்கோமியரின் (தசையிழையில் சுருங்கும் மிகச் சிறிய அலகின்) நீளம் ஏறக்குறைய 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை இருக்கையில்தான் விசை உச்சத்தில் நின்றது; அதைவிடக் குறுகியபோது விசை குறைந்தது.

பதில் 2: இதே விளைவைக் கையிலும் காணலாம், விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் கடப்பதால். மணிக்கட்டை உள்பக்கமாக முழுதும் மடக்கிக்கொண்டு பேனாவை இறுகப் பிடித்துப் பாருங்கள், அடுத்தவர் எளிதாக உருவிவிடுவார். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில், ஒரே கோணத்தில் அளவிடுங்கள். நிலையை மாற்றிவிட்டு எண்களை ஒப்பிடுவது பயிற்சி பெறுபவருக்குச் செய்யும் அநீதி.