தாமஸ் கோப்பையில் டபுள்ஸுக்கு எவ்வளவு பங்கு? மகள் கேட்கிறாள்

திருப்பாதிரிப்புலியூர் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர். மகளுக்கு 13 வயது, நாலு வருடமாக ஷட்டில் ஆடுகிறாள். போன வாரம் அவளுடைய கோச், "கை வேகமா இருக்கு, நெட்டில் பயப்படாம நிக்கிறா, டபுள்ஸுக்கு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "சிங்கிள்ஸ்ல தேறாதவங்களைத்தானேம்மா டபுள்ஸுக்குத் தள்ளுவாங்க?" என்று கேட்கிறாள். பீரோ கதவில் சிந்து படம் ஒட்டி வைத்திருக்கிற பிள்ளை. என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

2022ல் நம் ஆண்கள் அணி, நாட்டு அணிகள் மோதும் உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை ஜெயித்தது தெரியும். நாட்டு அணி என்று வரும்போது டபுள்ஸ் ஆடுகிறவர்களுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா? அவளிடம் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன், அதனால் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

லாசுப்பேட்டை இடதுகை

அக்கா, நான் புதுச்சேரியில் 22 வருடம் டபுள்ஸ் மட்டுமே ஆடியவன். இப்போது காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

தாமஸ் கோப்பையில் ஒரு நாட்டோடு மோதும்போது மொத்தம் ஐந்து ஆட்டம். மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபுள்ஸ். மூன்று ஜெயித்தால் போதும். நம்மிடம் சிங்கிள்ஸுக்கு ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. பிரகாஷ் படுகோன் 1980ல் ஆல் இங்கிலாந்து சிங்கிள்ஸ் பட்டம் ஜெயித்தார், கோபிசந்த் 2001ல் ஜெயித்தார். ஆனால் தாமஸ் கோப்பை 1949ல் தொடங்கியதிலிருந்து 2022 வரைக்கும் நாம் இறுதிப் போட்டிக்கே போனதில்லை. 1979ல் பிரகாஷ் இருந்த அணி அரையிறுதியில் டென்மார்க்கிடம் தோற்றது. டபுள்ஸ் இரண்டும் எதிராளிக்கு என்று ஆகிவிட்டால், மூன்று சிங்கிள்ஸையும் ஒன்றுவிடாமல் ஜெயித்தாக வேண்டும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட அன்றைக்குக் கதை முடிந்தது.

இதை மாற்றியது சாத்விக்கும் சிராக்கும். அமலாபுரத்துப் பையன் ஒருவர், மும்பைப் பையன் ஒருவர். இருவருமே பின்னால் நின்று அடித்துப் பழகியவர்கள். டான் கிம் ஹெர் என்ற மலேசியக் கோச்தான் இருவரையும் ஜோடி சேர்த்தார், சிராக் முன்னால் வந்து நெட்டைப் பார்த்துக்கொள்ளப் பழகினார். பாப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நெட்டில் நிற்கச் சொல்வது தண்டனை இல்லை.

2022 மே மாதம், பாங்காக். காலிறுதியில் மலேசியாவிடம் முதல் சிங்கிள்ஸ் ஆட்டம் லக்‌ஷ்யா தோற்றார், இவர்கள் வந்து சமன் செய்தார்கள். அரையிறுதியில் டென்மார்க்கிடமும் அதே கதைதான், முதல் ஆட்டம் போனது, மூன்றாவது கேமில் 22-20 என்று இவர்கள் மீட்டார்கள்.

இறுதிப் போட்டி மே 15, ஞாயிற்றுக்கிழமை. எதிரில் 14 முறை கோப்பை ஜெயித்த இந்தோனேசியா. கத்திரி வெயில், மதியம் கரன்ட் வேறு போய்விட்டது. கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் ஒரே போனைச் சுற்றி ஒன்பது பேர். முதல் சிங்கிள்ஸை லக்‌ஷ்யா ஜெயித்துக் கொடுத்திருந்தார். அடுத்து சாத்விக்–சிராக். முதல் கேம் 18-21 போச்சு. இரண்டாவதில் 17-20. இன்னும் ஒரு பாயின்ட் விட்டால் ஆட்டமே முடிந்தது. எதிரில் அசானும் சுகமுல்ஜோவும், இரண்டு பேரும் உலகையே ஆண்ட டபுள்ஸ்காரர்கள். போனைப் பிடித்திருந்த பையனுக்குக் கை நடுங்கி, படமே ஆடியது. நாலு மேட்ச் பாயின்ட்டைக் காப்பாற்றி 23-21. அடுத்த கேம் 21-19. நான் அழுதுவிட்டேன் அக்கா. அதற்கப்புறம் சிங்கிள்ஸில் ஸ்ரீகாந்த் முடித்து வைத்தார், 3-0.

எனக்கு ஒரு பழைய வருத்தமும் உண்டு. ஒரு தேர்வில் நானும் என் ஜோடியும் எல்லாரையும் ஜெயித்தோம். "சிங்கிள்ஸ் பசங்களையே சேர்த்து விட்டா டபுள்ஸ் ஆடிக்குவாங்க" என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நல்ல ஆட்டக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஜோடி ஆகிவிடாது. நடுவில் வருகிற இறகுப் பந்தைப் பார்த்து இருவரும் நின்றுவிடுவார்கள், அது பொத்தென்று தரையில் விழும். "இது என்னோடது" என்று வாயால் சொல்லாமலே தெரிவதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

கெடிலக்கரை

மேலே இருப்பவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் நம் இரண்டாவது டபுள்ஸ் ஜோடி தோற்றது. 2-2. ஐந்தாவது ஆட்டமான கடைசி சிங்கிள்ஸில் பிரணாய் இறங்கித்தான் இரண்டு தடவையும் கரை சேர்த்தார். டென்மார்க் ஆட்டத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் வலியோடு ஆடினார். அதனால் 13 வயதில் சிங்கிள்ஸை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. கால் ஓட்டம் அதில்தான் வரும். 16 வரைக்கும் இரண்டும் ஆடட்டும்.

பெண்கள் கதையையும் சொல்ல வேண்டும். பெண்கள் அணிகளுக்கு தாமஸ் கோப்பை மாதிரி ஊபர் கோப்பை. 2014ல் டெல்லியில் அதன் அரையிறுதி. சாய்னாவும் சிந்துவும் ஜப்பானிடம் சிங்கிள்ஸ் ஜெயித்தும் 2-3 என்று தோற்றோம். டபுள்ஸ் இரண்டும் போனது. 2024 பிப்ரவரியில் மலேசியாவின் ஷா ஆலமில் ஆசிய அணி சாம்பியன்ஷிப் பட்டம் முதல் தடவையாக நமக்கு வந்ததே, அந்த இறுதிப் போட்டியில் தாய்லாந்தை 3-2 என்று ஜெயித்தோம். சிந்து ஒன்று, டிரீசா–காயத்ரி ஜோடி ஒன்று, கடைசி ஆட்டம் 17 வயது அன்மோல் கார்ப். அந்த ஜோடி தோற்றிருந்தால் அன்மோல் ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை.

தேவனாம்பட்டினம் பெரியவர்

எங்கள் காலத்தில் கடற்கரைப் பக்கம் ஷட்டில் கிடையாது, பூப்பந்துதான். கடல் காற்றில் இறகு நிற்காது, மஞ்சள் கம்பளிப் பந்து நிற்கும். ஒரு பக்கம் ஐந்து பேர். யாரும் நான் தனியாக ஆடுகிறேன் என்று கேட்டதே இல்லை. முன்னால் நிற்கிறவனுக்குத்தான் ஊரில் பேர். பேத்திக்கு என் ஆசீர்வாதம்.

லாசுப்பேட்டை இடதுகை

கெடிலக்கரை சொல்வது சரிதான், சிங்கிள்ஸை விட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக ஆடுகிற சுதிர்மான் கோப்பையில் ஐந்து ஆட்டத்தில் மூன்று டபுள்ஸ், கலப்பு இரட்டையரையும் சேர்த்து. அங்கே நாம் 2011லும் 2017லும் காலிறுதியோடு நின்றோம். காலியாக இருக்கிற இடம் அதுதான் அக்கா, அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிற இடமும் அதுதான்.

திருப்பாதிரிப்புலியூர் அம்மா

எல்லோருக்கும் நன்றி. முழுவதும் படித்துக் காட்டினேன், அப்புறம் அந்த 17-20ஐத் தேடி எடுத்து இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். மறுபடி மறுபடி பின்னால் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து என் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். பக்கத்துத் தெருப் பெண்ணோடு பேசுகிற சத்தம் கேட்டது: "நீ லெஃப்ட் ஹேண்ட் இல்ல? அப்ப நடுவுல வர்றதை யாரு எடுக்கிறது, நாளைக்கே பேசி வச்சுக்கலாம்."