வெண்பனி குறைந்தால் எலிகள் ஏன் குளிரில் சாக வேண்டும்?

காசிமேட்டு ஐஸ்காரன்:
காசிமேட்டில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். படகுகள் கிளம்பும் நேரத்துக்கு ஐஸ் பார்களை உடைத்து அனுப்புவதுதான் பிழைப்பு. உடைத்த ஐஸுக்குள் கையை விட்டால் விரல் மரத்துப்போகும்; குளிரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் என் மகள் எங்கோ படித்துவிட்டு, "பூமி சூடாவதால் குளிர்நாடுகளில் பனி குறைகிறது, அதனால் சின்ன விலங்குகள் குளிரில் சாகின்றன" என்கிறாள். பனி குறைந்தால் குளிரும் குறையத்தானே வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர்வாசி:
கொசஸ்தலையாற்றில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், அலையாத்திச் செடிகளின் தண்டில் கறுப்பாக ஒட்டியதைப் பார்த்தவன் நான். முதலில் நம் நண்டுக்கும் இறாலுக்கும் வழி தேடுவோம். வெளிநாட்டு எலி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பழைய சிப்பாய், தண்டையார்பேட்டை:
எண்ணூர்த் தம்பி, உங்கள் கோபம் நியாயம்தான். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

ஐஸ்காரரே, உங்கள் மகள் சொல்வது சரி. மீன் பெட்டிக்கு ஏன் தெர்மாகோல் போடுகிறீர்கள்? அதற்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. புதிதாக விழுந்த வெண்பனியிலும் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். நீங்கள் உடைக்கும் ஐஸ் பார் கெட்டியானது, அதை வைத்துப் பனியை எடை போடாதீர்கள். ஒரு சாண் உயரத்துக்குப் பொலபொலவென்று பனி படிந்துவிட்டால், மேலே மைனஸ் 30 டிகிரி அடித்தாலும் அடியில் தரையை ஒட்டிய இடம் ஏறத்தாழ சுழியத்திலேயே நிற்கும். கோடையில் மண் சேர்த்து வைத்த சூடு வெளியேற வழியில்லை.

அந்தச் சூட்டில் அடிப்பனி ஆவியாகி, மேலே ஏறி, தளர்ந்த பருமணிகளாக மாறுகிறது. அதைக் குடைவது எளிது. வோல் என்ற குட்டைவால் எலியும் மூஞ்சூறும் அதற்குள் சுரங்கம் போட்டு, புல்லையும் பூச்சியையும் தேடித் தின்று குளிர்காலத்தை ஓட்டுகின்றன. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்: பெரிய சாம்பல் ஆந்தை மேலிருந்தே சத்தத்தை வைத்து இடத்தைக் கணித்து, பனிக்குள் பாய்ந்து தூக்கிவிடும். வட அமெரிக்கக் காட்டுத்தவளை (wood frog) இன்னும் விசித்திரம். சருகுக்கடியில் படுத்து, உடல்நீரில் பாதிக்கு மேல் உறைந்து, இதயம் நின்று கிடக்கும், வசந்தத்தில் எழுந்துவிடும். ஆனால் தெற்குப் பகுதியில் வாழ்பவை சுழியத்துக்குக் கீழே சில டிகிரிகளைத்தான் தாங்கும். மேலே பனி இருக்கும்வரை கவலையில்லை.

இனி உங்கள் கேள்வி. குளிர்காலம் சராசரியாகச் சூடாகிறது, ஆனால் கடுங்குளிர் இரவுகள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. பனி தாமதமாக விழுந்து, சீக்கிரம் உருகினால், அந்த இரவுகளில் தரை போர்வையின்றிக் கிடக்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் காட்டில் 1990களின் இறுதியில் குளிர்காலத் தொடக்கப் பனியை வேண்டுமென்றே வாரி அகற்றிப் பார்த்தார்கள். மண் ஆழமாக உறைந்தது, மரங்களின் நுண்வேர்கள் செத்தன. பனிக்கடியில் உள்ள இந்தப் புகலிடமே சிதைந்து வருகிறது என்று 2013இல் அதே நாட்டின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

லடாக்கில் இருந்தபோது பாறை இடுக்குகளில் பைக்கா பார்த்திருக்கிறேன். முயலின் உறவு, வால் தெரியாது, உள்ளங்கை அளவுதான். குளிர்காலம் முழுக்க உறங்காது. கோடையிலேயே புல்லை அறுத்து இடுக்கில் சேர்த்துவிடும். வாய் நிறைய புல்லோடு அது ஓடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

காசிமேட்டு ஐஸ்காரன்:
காற்று என்றதும் பிடிபட்டது, ஐயா. அப்படியானால் பனிமேல் மழை பெய்தால்? நனைந்தால் காற்று போய்விடுமே?

பழைய சிப்பாய், தண்டையார்பேட்டை:
போய்விடும். அதுதான் மோசமான பகுதி. நனைந்த பனி மறுபடி உறைந்தால் உங்கள் ஐஸ் பார் மாதிரியே கெட்டியாகிவிடும், சூடு வெளியேறும். சின்ன விலங்குக்குச் சுரங்கம் போட முடியாது, பெரிய விலங்குக்குக் குளம்பால் தோண்ட முடியாது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் மழை பெய்து உறைந்ததில், புல்லை எட்ட முடியாமல் ஏறத்தாழ 61,000 துருவ மான்கள் (ரெயின்டீர்) பட்டினியில் செத்தன. மகளிடம் இதையும் சொல்லுங்கள். வேறு ஏதாவது கேட்டால் இங்கேயே எழுதட்டும்.