ஃபஸ் பெடலில் டிரான்சிஸ்டரை மாற்றினால் ஒலி மாறுவது எதனால்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் கித்தார் வாசிப்பவன். மின்னணுச் சுற்றுகளில் கைவைக்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் (கித்தார் ஒலியைக் கரகரப்பாக்கும் காலடிப் பெட்டி) சுற்றை, இரண்டே டிரான்சிஸ்டர்கள் போதும் என்பதால், முதல் முயற்சியாக வெரோபோர்டில் (துளைகளும் செப்புப் பட்டைகளும் உள்ள பலகை) கட்டியிருக்கிறேன். டிரான்சிஸ்டர்களை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட் வைத்திருப்பதால், ஒரு சோடியைக் கழற்றி மற்றொன்றைச் செருக அரை நிமிடம்கூட ஆவதில்லை. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு (பேஸ், எமிட்டர், கலெக்டர் என்ற மூன்று கால்களில் ஒன்று) 33 கிலோ ஓம் மின்தடை, இரண்டாவதற்கு 8.2 கிலோ ஓமும் 330 ஓமும், பின்னூட்டத்துக்கு 100 கிலோ ஓம், ஃபஸ் குமிழுக்கு 1 கிலோ ஓம் என எல்லாம் வழக்கமான மதிப்புகளே.

இதுவரை நான்கு வகைகளைச் செருகிக் கேட்டேன். 2என்3904 தடித்த, சற்றே அமுங்கிய ஒலியைத் தருகிறது. பிசி109சி காதைக் குத்தும் அளவுக்குக் கூர்மையாக இருப்பதோடு, வாசிக்காத நேரத்தில் ஏதோ ஒரு வானொலி நிலையத்தின் பேச்சு மெல்லக் கேட்கிறது. எஸ்எல்100 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பிடித்த ஏசி128 ஜெர்மானியம் சோடியை (மற்ற மூன்றும் சிலிக்கான்), அது பிஎன்பி, அதாவது மின்முனைகள் மற்றவற்றுக்கு நேரெதிரான வகை என்பதால் பேட்டரியையும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் திருப்பிப் போட்டுச் சோதித்தேன். ஒலி திணறித் திணறி வெளிவருகிறது. சுரம் அடங்கும்போது இயல்பாகத் தேய்ந்து மறையாமல், கத்தரித்ததுபோல் நின்றுவிடுகிறது. எல்லோரும் புகழும் ஜெர்மானியத்தின் இயல்பே இதுதானா? இந்த ஒப்பீட்டை நம்பி ஒரு சோடியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் மறுமொழி

நீங்கள் காது கொடுத்துக் கவனித்து எழுதியிருக்கும் விதம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் நீங்கள் ஒப்பிட்டிருப்பது நான்கு டிரான்சிஸ்டர்களை அல்ல. நான்கு வெவ்வேறு பயாஸ் நிலைகளை, அதாவது வாசிக்காதபோது சுற்றில் நிற்கும் மின்னழுத்தங்களை. அதைச் சரிசெய்யாமல் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இந்தச் சுற்றில் முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வேண்டிய மின்னோட்டம், இரண்டாவதன் எமிட்டரிலிருந்து அந்த 100 கிலோ ஓம் வழியாகத்தான் வருகிறது. ஆகவே இரண்டாவதன் எமிட்டரில் எத்தனை வோல்ட் நிற்க வேண்டும் என்பதை முதல் டிரான்சிஸ்டரே முடிவு செய்கிறது. சிலிக்கானின் பேஸ்-எமிட்டர் சந்தி திறக்க ஏறக்குறைய 0.6 வோல்ட் வேண்டும், ஜெர்மானியத்துக்கு 0.1 முதல் 0.2 வோல்ட்டே போதும். அந்த எமிட்டர் மின்னழுத்தம் 1 கிலோ ஓம் குமிழின் மீது விழுவதால், சிலிக்கானில் சுமார் 0.7 மில்லியாம்பியரும் ஜெர்மானியத்தில் 0.3 அல்லது 0.4 மில்லியாம்பியரும் ஓடும். இவ்விரண்டும் அதே 8.2 கிலோ ஓமைக் கடந்து வந்தால், சிலிக்கானின் கலெக்டர் 3 வோல்ட்டை ஒட்டியும் ஜெர்மானியத்தின் கலெக்டர் 6 வோல்ட்டை ஒட்டியும் நிற்கும். 9 வோல்ட்டில் பாதியான 4.5 வோல்ட்டில் நின்றால்தான் அலையின் இரு பக்கமும் ஒத்த அளவில் வெட்டுப்படும். ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், மெல்லிய சுரங்கள் வாயிலைத் தாண்ட முடியாமல் அறுந்துபோகும். உங்கள் ஏசி128 திணறுவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

8.2 கிலோ ஓமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 25 கிலோ ஓம் ட்ரிம்பாட் (திருகித் திருப்பி மதிப்பை மாற்றும் சிறு மின்தடை) ஒன்றை வையுங்கள். ஒவ்வொரு சோடியைச் செருகியதும், மல்டிமீட்டரின் ஒரு முனையை இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரிலும் மறுமுனையை கிரவுண்டிலும் வைத்து, 4.5 வோல்ட் வரும்வரை திருப்புங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: பிசி109, எஸ்எல்100 இரண்டிலும் உலோக உறை உள்ளே கலெக்டரோடு இணைந்திருக்கிறது, இரண்டு உறைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் சுற்று உடனே வேலை நிறுத்தம் செய்துவிடும்.

அடுத்தது ஒலியளவு. வெளியீடு 330 ஓமின் முனையிலிருந்து எடுக்கப்படுவதால், மேலே இருக்கும் மின்தடை கூடக் கூட வெளிவரும் சைகை குறையும். சிலிக்கானுக்கு ட்ரிம்பாட் 6 கிலோ ஓமிலும் ஜெர்மானியத்துக்கு 15 கிலோ ஓமிலும் நின்றால், இரண்டுக்கும் இடையே வெளியீட்டில் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். உரத்து ஒலிப்பதைத்தான் காது சிறந்தது என்று ஏற்றுக்கொள்ளும். எனவே வால்யூம் குமிழால் இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்பு எழுதுங்கள்.

வானொலிப் பேச்சுக்கு மருந்து எளிது. பிசி109சி-யின் மின்னோட்டப் பெருக்கம் (பேஸ் மின்னோட்டத்தைக் கலெக்டரில் எத்தனை மடங்காக்கும் என்ற எண்) 420 முதல் 800 வரை இருக்கும். நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் அது பெருக்கும். கித்தாரின் கேபிள் ஏரியலாகச் செயல்பட, முதல் சந்தி அலைகளைப் பிரித்தெடுத்துவிடுகிறது. பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே 100 முதல் 220 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் அது அடங்குவதோடு, அந்தக் குத்தலும் தணியும்.

இவ்வளவையும் செய்து முடித்தபின் என் மேசையில் நான் கண்டதைச் சொல்கிறேன். பெருக்கம் ஒத்த ஒரு பிசி547சி-யையும் ஒரு பிசி109சி-யையும் நண்பர் ஒருவர் மாற்றி மாற்றிச் செருக, நான் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். எது எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உலோக உறைக்காக ஐந்து மடங்கு விலை கொடுப்பது வீண் என்பதே என் கருத்து. சிலிக்கான்களுக்குள் ஒலியைத் தீர்மானிப்பது பெயரல்ல, பெருக்கமே. ஜெர்மானியம் மட்டும் உண்மையிலேயே வேறு. அதன் பெருக்கம் குறைவு, அதிர்வெண் எல்லையோ ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ்தான், உள்ளே இருக்கும் கொள்திறன் மிக அதிகம். நான் மேலே சொன்ன கெபாசிட்டரை அது பிறவியிலேயே சுமந்து வருகிறது என்று கொள்ளலாம்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. உடனே அளந்து பார்த்தேன். 2என்3904 சோடியில் 2.7 வோல்ட், பிசி109சி-யில் 3.4, ஏசி128-இல் 6.6 வோல்ட் நின்றன. ட்ரிம்பாட் வைத்துச் சரிசெய்ததும் ஏசி128-இன் திணறல் முற்றிலும் நீங்கி, சுரம் நெடுநேரம் நீண்டு ஒலித்தது. ஆனால் இரவு 4.5-இல் நிறுத்தியது மறுநாள் பிற்பகல் மாடி அறையில் 5.8-க்கு ஏறியிருந்தது. பேட்டரியை மாற்றியும் பயனில்லை. இது ஏன்?

இரண்டாம் மறுமொழி

தம்பி, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பழுது பார்த்தவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். அந்த ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டிய ஏசி128 இதேதான்.

ஜெர்மானியத்தில் பேஸுக்கு எதுவுமே கொடுக்காவிட்டாலும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரவில் 28 டிகிரியில் அளந்ததை 40 டிகிரி மாடி அறையில் வைத்தால், கசிவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். முதல் டிரான்சிஸ்டர் கசிவாலேயே தன் பங்கைப் பெற்றுக்கொள்வதால் பேஸிடம் குறைவாகக் கேட்கும். அதனால் இரண்டாவதன் எமிட்டர் மின்னழுத்தம் இறங்கும், கலெக்டர் பேட்டரியின் பக்கம் ஏறும். நீங்கள் கண்ட 5.8 வோல்ட் இதன் விளைவே.

ஆகையால் கசிவு குறைந்ததைத் தேர்ந்து முதல் இடத்தில் வையுங்கள். மல்டிமீட்டரில் இருக்கும் பெருக்கம் அளக்கும் துளைகளை இதற்கு நம்பாதீர்கள். அது கசிவையும் சேர்த்துப் பெருக்கமாகக் காட்டும். பிஎன்பி என்பதால் எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலும், கலெக்டரை 2.2 கிலோ ஓமும் 270 ஓமும் தொடராகச் சேர்த்து எதிர்முனையிலும் இணையுங்கள். பேஸ் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த மின்தடைகளின் குறுக்கே வரும் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அது கசிவு. பிறகு பேஸை 2.2 மெகா ஓம் வழியாக எதிர்முனையில் இணைத்து மீண்டும் அளந்து, முதல் எண்ணைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் உண்மையான பெருக்கம் கிடைக்கும். கசிவு 0.2 வோல்ட்டும் மொத்தம் 1.1 வோல்ட்டும் வந்தால் பெருக்கம் 90. அளக்கும்போது விரலால் உறையைப் பிடிக்கவே கூடாது. பிடித்துப் பாருங்கள், எண் கண்முன்னே ஏறும். விட்டபின் அது இறங்கி நிற்க ஒன்றிரண்டு நிமிடங்கள் பிடிக்கும்.

முதல் இடத்துக்கு 70 முதல் 90, இரண்டாவதற்கு 110 முதல் 130 என்ற பெருக்கம் நன்றாக அமையும். கசிவு 0.7 வோல்ட்டைத் தாண்டினால் அந்த டிரான்சிஸ்டரை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலோக உறையில் புதிதாகப் பெயர் அச்சிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒருமுறை ஏசி128 என்று பத்து வாங்கி வந்ததில் நான்கு சிலிக்கானாக இருந்தன. மீட்டரின் டயோடு நிலையில் பேஸ்-எமிட்டரை அளந்தால், ஜெர்மானியம் 0.3 வோல்ட்டுக்குள் காட்டும், 0.6 காட்டினால் அது ஜெர்மானியம் அல்ல.

மூன்றாம் மறுமொழி

மேலே இருவரும் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஒப்பிடும் முறையில் மட்டும் ஒரு திருத்தம். நீங்கள் எல்லாவற்றையும் குமிழ்களை முழுதாகத் திருப்பியே கேட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அந்த நிலையில் எந்த ஃபஸ்ஸும் ஒன்றுபோலத்தான் இரையும். கித்தாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கி, ஒரே கார்டை மென்மையாகவும் அழுத்தியும் வாசித்துப் பாருங்கள். ஜெர்மானியம் அங்கே தெளிந்து மணிபோல் ஒலிக்கும். பெருக்கம் மிகுந்த சிலிக்கான் அதே இடத்தில் இன்னும் மணல்போல் உரசிக்கொண்டிருக்கும். பெடலின் உள்ளீட்டுத் தடை சில ஆயிரம் ஓம்களே என்பதால், கித்தாரின் பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் சுருள்) முதல் டிரான்சிஸ்டரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே இந்தச் சுற்றின் உயிர். நடுவே பஃபர் (சைகையை வாங்கித் தன் வலுவில் அனுப்பி, இருவரையும் பிரித்துவிடும் சுற்று) உள்ள பெடல் எதையும் வைக்காதீர்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஜெர்மானியம், சிலிக்கான் இரண்டு வகை ஃபஸ் ஃபேஸ்களையும் வாசித்தவர். ஆகவே எது உண்மையான ஃபஸ் என்ற வழக்குக்கு நான் வருவதில்லை.

சிலிக்கானோடு ஒப்பிடப் பேட்டரியைத் திருப்பும் வேலையும் தேவையில்லை. பிசி557 அல்லது 2என்3906 பிஎன்பி என்பதால் ஏசி128-க்கான அதே போர்டில் செருகலாம். வெயிலுக்கு அஞ்சுவதாயின் முதல் இடத்தில் பிசி557ஏ-வையும் இரண்டாவதில் ஏசி128-ஐயும் வைத்துப் பாருங்கள். நேர்முனை கிரவுண்டாக இருக்கும் இந்தப் பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மட்டும் இணைக்காதீர்கள், மின்சாரம் குறுக்குச்சுற்றாகிவிடும்.

கேட்டவர்

என்னிடம் இருந்த ஆறு ஏசி128-களையும் அளந்தேன். ஐந்து ஜெர்மானியம், ஒன்று 0.64 காட்டியது. கசிவு 0.15-ம் பெருக்கம் 80-ம் உள்ளதை முதலிலும், 120 உள்ளதை இரண்டாவதிலும் வைத்தபின், இன்று பிற்பகல் அதே மாடி அறையில் 4.9 வோல்ட் வரைதான் ஏறியது. பிசி557-ஐ முதலிடத்தில் வைத்தபோது வோல்ட் அசையவே இல்லை. ஆனால் வால்யூமை ஏழில் வைத்தபோது வந்த அந்தத் தெளிவு பாதியாகிவிட்டது. அதனால் இரண்டு ஜெர்மானியங்களையே வைத்துக்கொண்டு, ட்ரிம்பாட்டுக்குப் பதிலாகப் பெட்டியின் வெளியே ஒரு குமிழ் பொருத்தப் போகிறேன். பெட்டியில் துளையிடும் வேலை இந்த ஞாயிற்றுக்கிழமை.